நாற்பதாவது ஆள்

12.2.97, புதன்

இன்று பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள்: பஞ்சாயத்துத் தலைவர், பிரதான் சுடலைமுத்து. அவர் மனைவி இசக்கியம்மாள் (வந்ததும் தூங்கிவிட்டாள்). வாத்தியார் பொன்னுலிங்கம். மீன்காரர் பாப்பாராவ். வங்காளத்து மினோதி தீதி, அவர் கணவர் நிமாய். ராஞ்சிக்காரர் சுக்ரா. நான், சொர்ணபாய் மாசிலாமணி. ஆக எட்டுப் பேர். தீவில் உள்ள ஒன்பது வீட்டில் ஆறு வீடு வந்தது. வராத மூன்று வீடும் வந்திருந்தாலும் ஒன்றும் பேசியிருக்காது.

பெரிய ஆபீசிலிருந்து இந்தியில் ஒரு கடிதம். பிரதான் எழுந்து நின்று வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கே ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் வாங்கி மறுபடி வாசித்தார். விஷயம் இதுதான்: ஆலிடன் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நாற்பது பேருக்குக் குறைந்தால் செவ்வாய், சனி வருகிற போட் நின்றுவிடும். பள்ளிக்கூடம் மூடப்படும். எல்லோருக்கும் மாயாபந்தரில் வீட்டுக்கு ஒரு மனை கொடுத்து அங்கே குடியேற்றுவார்கள். இருபத்திரண்டாம் தேதி சர்க்கார் கணக்கரான பட்வாரி வந்து தலை எண்ணுவார்.

"நம்ம எத்தன பேரு இருக்கோம்?" என்று கேட்டார் பிரதான். தன் ஊரில் எத்தனை பேர் என்று தெரியாத பிரதான் இந்த அந்தமானிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆள் பலகைக் கணக்கு என் பொறுப்பு.

"நாப்பது" என்றேன்.

வாத்தியார் இருமினார். மினோதி தீதி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"சரியா நாப்பதா மதினி?"

"பலகையில நாப்பது."

அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. பட்வாரி வருவதற்குள் நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தார்கள். என் கையெழுத்துதான் வாசிக்கும்படி இருக்கிறதாம். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவள் இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். மற்றவர்கள் படித்துக் கிழித்தது இவ்வளவுதான்.

மாயாபந்தர் என்ற பேர் வந்தபோது இசக்கியம்மாள் கூட ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏன் பார்க்க வேண்டும்? மாயாபந்தரும் ஒரு ஊர்தானே. நான் அங்கே போக மாட்டேன், அவ்வளவுதான்.

இன்று சாம்பல் புதன். லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை தேநீரில் சீனி இல்லை, மத்தியானச் சாப்பாடு இல்லை, யாரையும் இகழ்ந்து பேசுவதில்லை என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருக்கிறேன். பேசுவதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

13.2.97, வியாழன்

விண்ணப்பத்துக்குப் பேர் "தீவின் இயற்கை அமைப்பும் மக்கள் வாழ்க்கையும்." முப்பத்தொரு கேள்வி. கேட்டவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் என்பது முதல் கேள்வியிலேயே தெரிகிறது.

நீளம் எவ்வளவு? போட் வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, அட்டை பிடுங்க நிற்கிற நேரத்தையும் சேர்த்து நடந்தால், பத்தரைக்கு வடக்குக் கல்முனை என்று எழுதினேன். அகலம்? மேற்குக் கரையில் அலை அறைந்தால் மழைக்காலத்தில் கிழக்குக் கரையில் படுத்திருப்பவருக்குக் கேட்கும்.

வாத்தியார் எட்டிப் பார்த்து, "கிலோமீட்டர்ல கேக்காங்கம்மா" என்றார்.

"நீங்க அளந்து தாங்க, எழுதுதேன்" என்றேன்.

போய்விட்டார். ஒன்பது வருடமாக இங்கே பூகோளம் நடத்துகிறார். இந்தத் தீவில் ஜெட்டியைத் தாண்டி அவர் நடந்த தூரம் அவர் வீட்டுக் கக்கூஸ் வரை.

ஆறுகள்: பெரிய நாலா, சின்ன நாலா. பெரிய நாலாவில் பங்குனி வரை முழங்கால் தண்ணீர் ஓடும், குடிக்கலாம். சின்ன நாலா கடலில் சேரும் இடத்தில் முதலை உண்டு, குளிக்கிறவர் குளிக்கலாம். மரங்கள்: உள்ளே படாக், கர்ஜன். கரையில் மொவா. சேற்றில் கண்டல். காட்டுக்குள் இருபது அடி போனால் நட்ட நடுப்பகலும் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். விலங்குகள்: பன்றி, மான், உடும்பு, முழ நீளப் பூரான். பேசும் மொழிகள்: தமிழ், தெலுங்கு, வங்காளம், ராஞ்சிக்காரர்களின் சாத்ரி. பிறகு எல்லோருக்கும் பொதுவாக, எல்லோரும் தப்பாகப் பேசுகிற இந்தி.

"மக்களுக்குத் தொல்லை தரும் உயிரினங்கள்" என்று ஒரு கேள்வி. மணல்கொசு, அட்டை என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். பிரதானைச் சேர்க்கவில்லை. லெந்து.

பத்தொன்பதாவது கேள்வி: இத்தீவுக்கே உரிய வழக்கம் ஏதேனும் உண்டா? உண்டு. ஆள் பலகை. குடியேறிய முதல் வருடம் சுக்ரா விறகுக்குப் போய்க் காட்டில் வழி தவறி மூன்று நாள் கிடந்தார். அவர் இல்லை என்பதே மூன்றாம் நாள்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஜெட்டியில் ஒரு படாக் பலகை அடித்தார்கள். தீவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆணி, ஒரு மரச் சில்லு, அதில் பேர் சுட்டிருக்கும். போட்டில் ஏறுகிறவர் தன் சில்லைத் தன் கையாலேயே எடுத்துப் பக்கத்து டப்பாவில் போட வேண்டும். திரும்பி வந்தால் மாட்ட வேண்டும். பொழுது அடையும்போது சில்லு ஆணியில் தொங்கி ஆள் வீட்டில் இல்லாவிட்டால், ஊர் முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்த் தேட வேண்டும். யாரும் மறுக்கக் கூடாது. பதினான்கு வருடத்தில் இந்த வழக்கம் ஐந்து பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

14.2.97, வெள்ளி

மிளகாய் காயப் போட்டேன். மணல்கொசுக் கடி. உபவாசம். வேறொன்றும் இல்லை.

16.2.97, ஞாயிறு

இங்கே பாதிரி ஐயர் வருடத்துக்கு மூன்று முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் என் வீட்டில்தான் ஜெபம். இன்று வந்தவர்கள் சுக்ரா குடும்பத்தில் ஐந்து பேர். அவர்களுக்கு வேதாகமத் தமிழ் புரியாது, ஆனாலும் ஆமென் சரியான இடத்தில் சொல்கிறார்கள். தமிழ் புரிகிறவர்கள் வருவதே இல்லை.

பிறகு விண்ணப்பத்தை எடுத்தேன். இருபத்திரண்டாவது கேள்வி: குடும்பத் தலைவர் பெயர், வயது, தொழில். மாசிலாமணி, 47, இன்ஜின் டிரைவர். தீவில் தொடர்ந்து வசிக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

பேனாவில் மை இறங்கவில்லை.

ஊருக்கெல்லாம் தெரிந்ததை என் நோட்டில் எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போகாது. 94 நவம்பர் 12, சனிக்கிழமை. பெரிய நாலாவில் தூண்டில் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பொழுது அடைந்தது. பலகையில் சில்லு தொங்குகிறது, ஆள் இல்லை. சுக்ரா தகரத்தை எடுத்தார். இரண்டு நாள் தேடினார்கள். முப்பது பேர், கர்ப்பமாக இருந்த பாப்பாராவ் மனைவி உட்பட, "மாசிலாமணீ, மாசிலாமணீ" என்று காடு முழுக்கக் கத்தினார்கள். முதலை இழுத்திருக்கும் என்று சின்ன நாலாவில் கழி விட்டுத் துழாவினார்கள். நான் ஜெட்டியில் முழங்கால் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை போட் வந்தது. போட்டுக்காரன் இறங்கினதும், "யாரத் தேடுறீங்க, மாசிலாமணியவா? சனிக்கிழம சாயங்காலம் யாரோ தோணியில டிரங்குப் பெட்டியோட மாயாபந்தர்ல வந்து எறங்குனாரே" என்றான்.

அங்கே மரம் அறுக்கிற ஆலையில் வேலை. அங்கே ஒருத்தி.

அன்றிலிருந்து அவர் சில்லை யாரும் தொடவில்லை. விதி அப்படி. போகிறவர் தன் கையால் எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. நான் எப்படி எடுப்பேன்? பலகைக் கணக்கு வைத்திருக்கிறவளே விதியை மீறினால் ஊர் என்ன ஆகும்?

கட்டத்தை நிரப்பவில்லை.

18.2.97, செவ்வாய்

போட்டில் வந்தவை: ரேஷன் அரிசி ஆறு மூட்டை (ஒன்று நனைந்தது), மண்ணெண்ணெய், உப்பு, பிரதானுக்குப் புதுச் செருப்பு. ஊரே காலியாகப் போகிறது என்கிறபோது மனுஷர் செருப்பு வாங்குகிறார்.

மாயாபந்தருக்கு மீன் கொண்டு போய்த் திரும்பிய பாப்பாராவ் என் வீட்டுப் படியில் நின்று தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் அங்கத்துச் செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

"சொல்ல வந்தா சொல்லுங்க. எனக்கு அடுப்புல வேல இருக்கு."

"ஆலை மூடிட்டாங்க அக்கா. பங்குனியில குடியிருப்பக் காலி பண்ணணுமாம். மாசிலாமணி அண்ணன் ரொம்ப இளைச்சுப் போயிட்டாரு. பாப்பாவுக்கு வேற காய்ச்சல்..."

பாப்பா என்று வாயிலிருந்து வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எந்தப் பாப்பா?"

"எட்டு மாசம் ஆவுது அக்கா. நான் சொல்லாம இருந்துட்டேன்."

இங்கே எல்லோருக்கும் எட்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாற்பது பேர் உள்ள ஊரில் ரகசியம் காக்க முடியும் என்பதை இன்றுதான் கண்டேன். வேறு எந்தக் காரியத்திலும் இவர்களுக்கு இவ்வளவு ஒற்றுமை வந்ததில்லை.

நனைந்த அரிசியை வெயிலில் பரப்பினேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

20.2.97, வியாழன்

பிரதான் வந்தார். கையில் அவருடைய பழைய சட்டை இரண்டு, ஒரு சவரப் பெட்டி.

"மதினி, கோவிச்சுக்கிடாதீய. இதக் கொடியில போடுங்க. இத முத்தத்துல வைங்க. பட்வாரி வந்தா, மாசிலாமணி அண்ணாச்சி காட்டுக்குள்ள தேனெடுக்கப் போயிருக்காவன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்க வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நிக்கறதும் பொய்தான்."

"ஒரு ஆளு மதினி! ஒரு ஆளுக்காக நாப்பது பேரு மூட்டயக் கட்டணுமா? எம் பாக்குத் தோப்பு இந்த வருஷம்தான் காய்க்கப் போவுது. நீங்களே நெனச்சுப் பாருங்க, நீங்க அந்த மாயாபந்தர்ல போயி..."

"என்னப் பத்தி நீங்க நெனைக்க வேண்டாம். சட்டய எடுத்துட்டுப் போங்க. இங்க அவிய சட்ட மூணு இருக்கு."

அவர் கொடியைப் பார்த்தார். மூன்று சட்டையும் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. மாதத்துக்கு ஒரு முறை துவைக்காவிட்டால் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். நல்ல துணி. யாருக்காவது உதவும். அதற்காகத்தான் துவைக்கிறேன்.

பிரதான் தன் சட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் பேசாமல் போனதை இன்றுதான் பார்க்கிறேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

22.2.97, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குப் போட் வந்தது. பட்வாரி சாத்துக்குட்டி, மலையாளி, வெள்ளைக் கான்வாஸ் செருப்பு போட்டு இறங்கி முதல் அடியிலேயே பாசியில் வழுக்கினார். அதோடு மரியாதை போயிற்று. ஆனாலும் ஆள் கோபப்படவில்லை. நேராகப் பலகைக்குப் போய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பது. "நல்ல ஏற்பாடு. யார் எழுதி வைக்கிறது?" என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

பிறகு கரையில் நிற்கிற பாதாம் மரத்தடியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினார். முப்பத்தொன்பது. மறு முனையிலிருந்து எண்ணினார். முப்பத்தொன்பது. பலகைப் பேர்களை வாசித்து ஒவ்வொருவராகக் கை தூக்கச் சொன்னார்.

"மாசிலாமணி?"

ஒரு கையும் எழவில்லை.

"தேனெடுக்கக் காட்டுக்குப் போயிருக்காவ சார்" என்றார் பிரதான். "வந்துருவாவ."

"எப்போ?"

"இப்ப... மத்தியானத்துக்குள்ள."

"எனக்கு மூணு மணிக்குத்தான் போட். காத்திருக்கேன்" என்று பட்வாரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இளநீர் கொடுத்தார்கள். விண்ணப்பத்தை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு கொடுத்தார்கள். பிரதான் பாக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டினார். ஒன்றே முக்கால் ஆயிற்று. மனுஷர் நகரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "உங்க வழக்கப்படி ஆள் வரலேன்னா தேடணும், அல்லே? விண்ணப்பத்துல எழுதியிருக்கே" என்றார்.

என் கையெழுத்து வாசிக்கும்படி இருந்ததால் வந்த வினை.

பொழுது அடையத்தான் தேட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சுக்ரா எழுந்துவிட்டார். இந்த வழக்கம் அவரைத் தேடாததால் பிறந்த வழக்கம். அவருக்கு இதில் விளையாட்டு கிடையாது. தகரத்தைக் கையில் எடுத்து என் முன்னால் வந்து நின்றார்.

"தீதி. சில்லு இருக்கு. ஆள் இல்லே. போகணும், இல்லே?"

நான் பலகையைப் பார்த்தேன். சுக்ரா தகரத்தைத் தட்டினார். பிரதானால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, பட்வாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே பிரதான் முன்னே நடந்தார். பின்னால் எல்லோரும். வாத்தியார் கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். நிமாயும் மினோதி தீதியும் பெரிய நாலாப் பக்கம் போனார்கள். சற்று நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து கேட்கத் தொடங்கியது.

"மாசிலாமணீ! மாசிலாமணி அண்ணாச்சீ!"

அதே குரல்கள். அன்றைக்குக் கத்தினவர்கள் உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். இன்றைக்கு யாரைத் தேடுகிறோம், அவர் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே கத்துகிறார்கள். பிரதான் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. கொஞ்ச நேரத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. உடனே அடங்கிவிட்டது.

ஜெட்டியில் நானும் பட்வாரியும் மட்டும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சேச்சி. ஆள் கிடைக்கும்" என்றார்.

இதே வார்த்தையை இதே ஜெட்டியில் முன்பு எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் நம்பினேன்.

எழுந்து போய் அவர் சில்லை ஆணியிலிருந்து என் கையால் எடுத்தேன். டப்பாவில் போட்டேன். "முப்பத்தொன்பது, எழுதிக்கிடுங்க" என்றேன். "அவிய மாயாபந்தர்ல இருக்காவ. ரெண்டு வருஷம், மூணு மாசம், பத்து நாள் ஆவுது."

பட்வாரி காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பின்னே இவங்க யாரத் தேடுறாங்க?"

"வந்ததும் அவங்ககிட்ட கேளுங்க."

விண்ணப்பத்தில் "இல்லை" என்ற கட்டத்தில் அங்கேயே குறி போட்டுக் கொடுத்தேன். மை நன்றாக இறங்கியது. அவர் அதை மடித்துப் பையில் வைத்தார். போட் ஊதியதும் ஏறுவதற்கு முன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மார்ச் பதினஞ்சு வரை பட்டியல் மூட மாட்டேன் சேச்சி. அதுக்குள்ள ஒரு குடும்பம் ரேஷன் கார்டை மாத்திக்கிட்டு இங்க வந்து தங்கினா, சேத்துக்கறேன்."

சர்க்கார் ஆளில் ஒருவர் ஒழுங்காக இருக்கிறார் என்றால் அவரை இந்த மாதிரித் தீவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

போட் போன பிறகுதான் இவர்கள் திரும்பினார்கள். உடம்பெல்லாம் அட்டை.

23.2.97, ஞாயிறு

ஜெபத்துக்குச் சுக்ரா குடும்பம் மட்டும். ஆமென்.

24.2.97, திங்கள்

பிரதான் வாசலில் நின்று கத்தினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஊருக்குக் கேட்க வேண்டுமே.

"ஒரு ஆளு! ஒரே ஒரு ஆளு! வாய மூடிக்கிட்டு இருந்தா மூணு மணிக்கு அந்தாளு போட்ல ஏறிப் போயிருப்பான். ஒரு பொம்பளயோட வீராப்புக்கு ஒரு தீவே போச்சு!"

"நான் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன்."

"ஓகோ! அப்ப அன்னைக்குக் கூட்டத்துல நாப்பதுன்னு சொன்னியளே, அது என்ன? ரெண்டு வருஷமா அந்தச் சில்லு தொங்குச்சே, அது என்ன சாட்சி மதினி?"

தேங்காய் துருவ வேண்டியிருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

25.2.97, செவ்வாய்

போட்டில் வந்தவை: அரிசி நான்கு மூட்டை. மற்றதைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மினோதி தீதி கீரைக் கட்டோடு வந்தார். நான் கேட்காமலே உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எழுப்பி அனுப்ப முடியாது.

"சொர்ணோ, ரெண்டு தடவை ஊரு எல்லாம் அவனைத் தேடிச்சு. நீ ஒரு தடவை தேடினியா?"

"ஜெட்டியில முழங்கால் போட்டு ஜெபிச்சேன். தெரியாதா?"

"அது கடவுளைத் தேடறது. நான் அவனைக் கேக்கறேன். லெட்டர் எழுதினியா? ஒரு லெட்டர்? ஊருக்கெல்லாம் நீதான் லெட்டர் எழுதறே. என் பையனுக்கு நீதான் எழுதறே. சுக்ரா பென்ஷனுக்கு நீ எழுதறே."

"போனவருக்கு என்னத்த எழுத?"

"எழுதாதே. சும்மா கேட்டேன்." கீரையை ஆய்ந்து வைத்துவிட்டுத்தான் போனார். தண்டையும் சேர்த்துக் கிள்ளியிருக்கிறார். வங்காளிகளுக்குக் கீரை ஆயத் தெரியாது.

27.2.97, வியாழன்

வாத்தியார் மாயாபந்தர் மனைப் படம் கொண்டு வந்தார். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். இரண்டு வரிசை. என் மனை ஏழாம் எண். எதிரே பழைய ஆலைக் குடியிருப்பு. நடுவில் ஒரு வட்டம்.

"இது என்ன?"

"குழாய். ரெண்டு வரிசைக்கும், அந்தக் குடியிருப்புக்கும் சேத்து ஒரே குழாய்." சொல்லிவிட்டு வாத்தியார் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். "மண்ணு நல்ல மண்ணாம் அம்மா. தென்னை வரும்." அவருக்கும் சில சமயம் மனுஷ சுபாவம் வருகிறது.

அவர் போன பிறகு யோசித்தேன். ஒரே குழாய். காலையில் தண்ணீர் விடுவார்கள். என் குடத்தை அவளுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்தால் அவள் என் முதுகைப் பார்ப்பாள். பின்னால் வைத்தால் நான் அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க வேண்டும். குடியிருப்பை விட்டுக் கிளம்பச் சொன்னால்தான் என்ன, கையில் காசில்லாதவர்கள் எவ்வளவு தூரம் போய்விடுவார்கள்? குழாயடியில்தான் இருப்பார்கள்.

அங்கே போனால் நான் அவர்கள் ஊருக்குப் போனவள். அவர்கள் பார்க்க நான் மூட்டையோடு இறங்க வேண்டும்.

அவர்கள் இங்கே வந்தால் என் ஊருக்கு வந்தவர்கள்.

28.2.97, வெள்ளி

உபவாசம். பெரிய நாலாவுக்கு மேல் பக்கம் பூட்டிக் கிடக்கும் வனத்துறைக் குடிசையைப் போய்ப் பார்த்தேன். கூரைத் தகரத்தில் மூன்று ஓட்டை. அடுப்பு உடையவில்லை. பூரான் இரண்டு, அடித்தேன். சாவி பிரதானிடம் இருந்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வாயைத் திறந்தபடி நின்றார்.

"மதினி... நெசமாத்தான் சொல்லுதீயளா?"

"நான் எப்பம் வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கேன்?"

"ஊரு என்ன பேசும்?"

"ஊருல இருக்கது முப்பத்தொம்பது பேரு. அவிய பேசறத நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஓட்டைய அடைச்சுக் குடுங்க."

கொடுப்பாராம். புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரையில் ஏறினார்.

1.3.97, சனி

இன்றைய போட்டில் பாப்பாராவ் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

சிட்டம்மா அவர்களுக்கு ஆலிடன் தீவு சொர்ணபாய் எழுதுவது.

இதை அவருக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். அவர் பதில் போடுகிற ஆள் இல்லை. உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் பாப்பாராவ் வாசித்துச் சொல்வார். உன் வீட்டில் இருப்பவரை வாசிக்கச் சொல்லாதே, பாதியில் நிறுத்திவிடுவார்.

ஆலை மூடியது தெரியும். பங்குனியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதும் தெரியும். இங்கே பெரிய நாலாப் பக்கம் ஒரு குடிசை இருக்கிறது. தண்ணீர் பக்கம். கூரை அடைத்தாயிற்று. வாடகை இல்லை. இங்கே நாற்பது பேர் இருந்தால்தான் தீவு நிற்கும். இப்போது முப்பத்தொன்பது. நீங்கள் மூன்று பேரும் வந்தால் நாற்பத்திரண்டு. அவர் மறுபடி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் நாற்பத்தொன்று இருக்கும். ஆகவே அவரை நம்பி இந்தக் கணக்கைப் போடவில்லை. உன்னையும் பிள்ளையையும் நம்பிப் போட்டிருக்கிறேன்.

நீ வந்தால் நான் உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. பேசாமலும் இருக்க மாட்டேன். இது சின்ன ஊர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும், மருந்துப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. இப்போது காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடு. அவருக்கு மூன்று சட்டை இங்கே இருக்கிறது, வாங்க வேண்டாம்.

பதினைந்தாம் தேதிக்கு முன் ரேஷன் கார்டோடு வந்து சேர வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டியலில் எழுத வேண்டும். பேரும் பிறந்த தேதியும் தெளிவாக எழுதி, வருகிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தையும் சேர்த்து, செவ்வாய்க்கிழமை போட்டில் அனுப்பவும். பதிலைத் தாமதிக்க வேண்டாம்.